குரைப்பை அடக்க ஒரு வார்

– இதப் பாத்தா மாட்டுக்குப் போடுற வாய்ப்பூட்டு மாதிரில்லா இருக்கு, ஜெயினுலாப்தீன் பாய்! நாங்க கேட்டது நாய்க்கு.

– நாய்க்கு உள்ளதுதான், லூர்தம்மா. மூக்கச் சுத்தி ஒரு வாரு, காதுக்குப் பின்னால ஒரு வாரு. பக்கா தோலு. தாராவி பூரா தேடினாலும் இந்தத் தையல் கெடைக்காது. தாதர்ல ஒரு பார்சிக்காரர் பங்களாவுக்கு இதே மாதிரிதான் தச்சுக் குடுத்தேன்.

– போட்டா குரைக்காதா?

– கடிக்காது. குரைப்பு கொஞ்சம் அமுங்கும். உள்ளுக்குள்ள உறுமிக்கிட்டுக் கெடக்கும்.

– அமுங்கினாப் போதாது பாய். அடியோட நிக்கணும். ஏட்டி வடிவு, நீ ஏன் வாசல்லயே நிக்க? உன் நாய்க்குத்தான வந்திருக்கோம்? உள்ள வந்து பாரு.

– நீங்க பாத்தாச் சரிதான் அக்கா.

– கேட்டீங்களா பாய்? ஆண்டாப் ஹில்லுல இருந்து பஸ்ஸுல நசுங்கி இவளக் கூட்டிக்கிட்டு வந்தது நானு. இவ என்னமோ அடுத்தவ வீட்டுச் சாமானுக்குத் துணைக்கு வந்த மாதிரி நிக்கா.

– அந்தத் தங்கச்சிய ஏசாதீங்க. முகத்தப் பாருங்க, சாப்பிட்டுச்சோ என்னமோ. இந்தப் பெட்டி மேல உக்காரும்மா. பசை நாத்தம் அடிக்கும், கொஞ்ச நேரத்துல பழகிரும். சாய் சொல்லட்டுமா?

– வேண்டாம் அண்ணாச்சி. தண்ணிக் குழாயில நின்னுட்டு அப்படியே வந்துட்டேன். அதான்.

– அச்சா, அது கெடக்கட்டும். நாய் எப்படி? பெரிய சாதியா?

– தெரு நாய்தான். செவலை நெறம். அதனால செவலைன்னே கூப்பிடுதோம். ரொம்ப சாது அண்ணாச்சி.

– சாதுவா! ஆளுக்கு ஒத்தை ரூமுக் கோலி, ரெண்டுக்கும் நடுவுல ஒரு தகரம்தான் பாய். அந்தப் பக்கம் இவ தாளிச்சா இந்தப் பக்கம் நான் தும்முவேன். எங்க வீட்டுக்காரரு கப்பல் டாக்குல இருந்து அலுத்துச் சலிச்சு வந்து தலையச் சாய்ப்பாரு. அப்பத்தான் அந்தச் சனியன் ஆரம்பிக்கும். நிப்பாட்டவே நிப்பாட்டாது. மனுசனுக்கு ஒரு பொட்டுத் தூக்கம் கெடையாது. சொல்லிட்டேன்.

– நீங்க சொல்றது இருக்கட்டும். நான் கேக்குறதுக்கு இந்தத் தங்கச்சி பதில் சொல்லணும். வாருன்னா பல தினுசு. எதுக்குக் குரைக்குதுன்னு தெரிஞ்சாத்தான் எதைக் குடுக்கணும்னு நான் சொல்ல முடியும். ஆளப் பாத்தாக் குரைக்குதா?

– இல்ல.

– பூனை, எலி?

– எலி மேல ஏறி ஓடினாலும் படுத்துக்கிட்டுத்தான் கெடக்கும்.

– பசியில கத்துதோ?

– நாங்க திங்கிறதுல அதுக்கும் ஒரு பங்கு உண்டு அண்ணாச்சி.

– அரே, அப்போ எதுக்குத்தான் குரைக்குது?

– அது... அவுக வேலை விட்டு வந்தா குரைக்கும்.

– வீட்டு ஆளப் பாத்த சந்தோசம். எல்லா நாயும் செய்யுறதுதான். ரெண்டு குரைப்போட நின்னுருமே?

– எங்க நிக்குது பாய்! நான் அடுப்பப் பத்தவச்சு, சோறு பொங்கி, வடிச்சு எறக்குற வரைக்கும் குரைக்கும். இவ புருசன் பக்கத்துலதான் உக்காந்திருப்பாரு. சும்மா கெடன்னு ஒரு அதட்டு உண்டா? கெடையாது. தகரத்தக் கையால தட்டினேன், கரண்டியால தட்டினேன், பேரச் சொல்லிக் கத்தினேன். ஏன்னு கேக்கல. கோயில்ல வச்ச செலை மாதிரி இருக்காரு. திமிரு, வேற என்ன?

– அவுகளுக்குத் திமிரு கெடையாது அக்கா.

– பின்ன என்னட்டி? டாக்குலயும் அப்படித்தானாமே. பாய், கப்பல் ரிப்பேரு பண்ணுற எடத்துல, பாய்லர் ஷாப்புல, எங்க வீட்டுக்காரரு லாசருதான் முக்காதம். அவரு சொல்ற வேலையத்தான் அந்தக் கேங்கு செய்யணும். இவ புருசன் வானமாமலை அதே கேங்குல ஆளு. கூப்பிட்டா திரும்புறதில்லையாம். முன்னெல்லாம் ரெண்டு பேரும் ஒத்தை பீடியப் பத்தவச்சு மாத்தி மாத்தி இழுப்பாங்க. இப்போ எதுக்க வந்தாக்கூட பேச்சு கெடையாது.

– எங்க வீட்லயும் அதத்தான் சொல்லுதாக. லாசர் அண்ணன் முன்ன மாதிரி இல்ல, என்ன கேட்டாலும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாருன்னு.

– யாரு, அவரா? சரி சரி, ஆம்பளைங்க சங்கதி நமக்கு எதுக்கு. பாய், வேற தினுசு இருந்தா எடுங்க. பஸ்ஸு கூட்டமாகுறதுக்குள்ள போகணும்.

– இந்தா, இது வெறும் மூக்கு வாரு. வாய ஒட்ட இறுக்கிரும், சத்தமே வராது. ஆனா தண்ணி குடிக்க முடியாது. வெயிலுக்கு நாய் நாக்கத் தொங்கப் போட்டுத்தான் மூச்சு வாங்கும். இதப் போட்டு மறந்துட்டோம்னா கதை முடிஞ்சுது.

– அது வேண்டாம் அண்ணாச்சி! வேண்டவே வேண்டாம்.

– நானும் குடுக்கலம்மா. இருக்குன்னு காட்டுதேன். நாய்க்குத் தைக்கிறதுக்கே எங்க வீட்ல சபுரா ஏசிக்கிட்டுக் கெடக்கா. சூட்கேசும் பள்ளிக்கூடப் பையும் தச்சா நம்ம புள்ளைங்க பொழைக்காதான்னு கேக்கா. பள்ளிக்கூடம் தொறந்து முடிஞ்சா பைய எவன் வாங்குதான்? அவளுக்கு அது புரியாது.

– உங்க கதைய இன்னொரு நாள் கேக்கேன் பாய்.

– சரி, முடிச்சுட்டேன். இதப் பாருங்க. கழுத்து வாரு. மேலாப்புல பாத்தாச் சாதாரணப் பட்டை. தங்கச்சி, உள்பக்கம் தடவிப் பாரு. என்ன இருக்கு?

– குமிழு மாதிரி... மரமா?

– மரக் குமிழுதான். சரியாத் தொண்டையில வந்து உக்காரும். நாய் சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும். குரைக்கும்போது தொண்டை விரியும் பாரு, அப்போ குமிழு உள்ள அமுக்கும். வலிக்கும். கொஞ்ச நாளு வலிச்சு வலிச்சு, அப்புறம் அது வாயத் தொறக்காது.

– வாரைக் கழட்டிட்டா?

– கழட்டினாலும் பயந்துக்கிட்டுத்தான் கெடக்கும். பார்சிக்காரர் நாய் ரெண்டும் இப்போ திருடன் வந்தாலும் பாத்துக்கிட்டு நிக்குதாம். எனக்கே அதக் கேட்டு ஒரு மாதிரி ஆயிட்டு.

– இதுதான் பாய்! இதையே குடுங்க. வடிவு, முந்தியில முடிஞ்சு வச்சிருக்கியே, கழுத்து அளந்த நூலு, அத எடு.

– அண்ணாச்சி...

– சொல்லும்மா.

– இத மாட்டினா, இந்த எடத்துல, தொண்டைக்கிட்ட, ஒரு கை வைக்க எடம் இருக்குமா?

– கையா? யாரு கை?

– சும்மா கேட்டேன்.

– ஒட்டி இருந்தாத்தான் இது வேலை செய்யும் தங்கச்சி. கை போற மாதிரி எடம் விட்டா இதப் போடுறதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான். அங்க போயி எதுக்குக் கைய வைக்கணும்?

– ஏட்டி, ஏன் அழுவுத? பஸ்ஸுல வரும்போதே மூக்க உறிஞ்சிக்கிட்டுத்தான் வந்தா பாய். தெரு நாய்க்குப் போயி எவளாவது அழுவாளா? எங்க லைன் வீட்டுக்காரங்க எல்லாரும் சேந்து சொல்லியாச்சு. நாய் வாய அடை, இல்ல கோலியக் காலி பண்ணுன்னு. நீ நடுத்தெருவுல நிக்கக் கூடாதுன்னுதான் நானே கூட்டிக்கிட்டு வந்தேன்.

– தெரியும் அக்கா.

– தெரிஞ்சா என்ன விசயம்னு சொல்லித் தொலையேன்.

– உங்ககிட்ட எப்படி அக்கா சொல்லுவேன்? நீங்க முக்காதம் வீட்டம்மா.

– நாய் குரைக்கிறதுக்கும் முக்காதத்துக்கும் என்னட்டி சம்பந்தம்?

– அது தானாக் குரைக்கல அக்கா. அவுகதான் குரைக்க வைக்காக.

– என்னது?

– அவுகளுக்குக் காது கேக்கல.

– நீங்க பொறுங்க, லூர்தம்மா. அவ பேசட்டும். எம்புட்டு நாளா தங்கச்சி?

– சட்டுன்னு போகல அண்ணாச்சி. பாய்லருக்குள்ள குனிஞ்சு உக்காந்து ஆணியத் தாங்கிப் பிடிக்கிற வேலை. வெளிய இருந்து சம்மட்டி விழும். வீட்டுக்கு வந்தா காதுக்குள்ள வண்டு கத்துதுன்னு சொல்லுவாக. பொறவு அந்த வண்டும் நின்னு போச்சு. என் உதட்டப் பாத்துத்தான் நான் பேசுறதத் தெரிஞ்சுக்கிட்டாக. எனக்கே அது புரியல. அவுக என்னையே பாத்துக்கிட்டு இருக்காகன்னு நான் வெக்கப்பட்டேன்.

– பைத்தியக்காரி.

– ஆமா அக்கா. போன வருசம் பாகிஸ்தான் சண்டை நேரத்துல, பொழுது அடைஞ்சா வெளக்க அணைக்கச் சொன்னாங்கல்லா? அப்பத்தான் தெரிஞ்சுது. இருட்டுல என் உதடு தெரியல. “வடிவு, இருக்கியா? வடிவு, இருக்கியா?”ன்னு கேக்காக. நான் இங்கதான் இருக்கேன், பக்கத்துலதான் இருக்கேன்னு சொல்லுதேன். அவுக கேட்டுக்கிட்டே இருக்காக.

– யா அல்லா.

– அப்போ வெளிய சங்கு ஊதுச்சு. அந்தப் பயத்துல இந்த நாய் எங்கிருந்தோ ஓடி வந்து அவுக மடியில விழுந்துச்சு. அவுக கை அது கழுத்துல இருந்துச்சு. அது குரைச்சுது. “ஏ வடிவு, நாய் குரைக்குது! எனக்குக் கேக்குது!”ன்னு சிரிக்காக. கேக்கல அண்ணாச்சி. உள்ளங்கையில அதிருது, அம்புட்டுதான். அன்னையில இருந்து வேலை விட்டு வந்ததும் அதப் பக்கத்துல இழுத்து வச்சு, கழுத்துல கையப் போட்டுக்கிட்டு, ரொட்டித் துண்டக் காட்டிக் காட்டிக் குரைக்க வைப்பாக. கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பாக. நாள் பூரா ஒண்ணுமே இல்லாம இருந்துட்டு வர்ற மனுசன். நான் எப்படி வேண்டாம்னு சொல்ல?

– உன் பேச்சும் சுத்தமாக் கேக்காதா தங்கச்சி?

– ஒரு நாள் என் கழுத்துலயும் கைய வச்சுப் பாத்தாக. பேசுன்னாக. என்ன பேசன்னு தெரியாம ரேசன் கடையில அரிசி போடலன்னு சொன்னேன். ஏதோ லேசா அசையுது, வார்த்தை வரலன்னு சொல்லிட்டுக் கைய எடுத்துட்டாக.

– டாக்குல எப்படிச் சமாளிக்காரு?

– பக்கத்துல நிக்கிறவுக திரும்பினா இவுகளும் திரும்புவாக. அவுக ஓடினா இவுகளும் ஓடுவாக. மேல கிரேன் இரும்புத் தகடு தூக்கிக்கிட்டுப் போகும்போதுதான் எனக்குப் பயம். தெரிஞ்சா அன்னைக்கே வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க. வேற வேலை யாரு குடுப்பா?

– லூர்தம்மா, கேட்டீங்களா?

– கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் பாய்.

– அக்கா, உங்க காலத் தொட்டுக் கேக்கேன். வாரை நான் வாங்கிக்கிடுதேன். நாய ஊமையாக்கிருதேன். அவுககிட்ட என்னமாவது சொல்லிக்கிடுதேன், சீக்கு வந்துட்டுன்னு சொல்லுதேன். இத மட்டும் லாசர் அண்ணன் காதுல போட்டிராதீங்க.

– அவரு காதுல எதப் போட்டாலும் உள்ள போறதில்லட்டி.

– என்னக்கா?

– எந்திரி. காலத் தொடாத. பாய், அந்த வாரை எடுத்து உள்ள வைங்க.

– வேண்டாமா அக்கா? அப்போ அண்ணன் தூக்கம்? ஒரு பொட்டுத் தூக்கம் இல்லன்னு சொன்னீங்களே?

– பொய் சொன்னேன். உன் நாய் அந்தக் குரை குரைக்கும், அவரு கட்டை மாதிரி கெடந்து தூங்குவாரு. லைன்ல உள்ளவங்க எல்லாம் வெளிய வந்து ஏசுவாங்க. இந்தச் சத்தத்துலயும் முக்காதம் எப்படித்தான் தூங்குதாரோன்னு ஒருத்தி கேட்டா. அதான் எல்லாருக்கும் முந்தி நான் வந்து கத்த ஆரம்பிச்சேன். எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கம் போச்சு, தூக்கம் போச்சுன்னு. நாய் வாய அடைச்சுட்டா எவளும் கேக்க மாட்டான்னு நெனச்சேன்.

– அப்போ லாசருக்கும்?

– முக்காதம் ஆகுறதுக்கு முந்தி அவரும் அதே பாய்லருக்குள்ள கெடந்தவருதான பாய். என்னமோ கையக் காட்டி, விசிலு ஊதி, வேலை வாங்கிக்கிட்டு இருக்காரு. நானும் வெளிய சொல்லல.

– அண்ணன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனது...

– உன் புருசன் என்ன கேட்டாருன்னு தெரிஞ்சாத்தான நின்னு பதில் சொல்லுவாரு? இவரு கூப்பிட்டது உன் புருசனுக்குக் கேக்கல, அவரு கேட்டது இவருக்குக் கேக்கல. மாதாவே, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு ஏசிக்கிட்டுத் திரியுதாங்க.

– உக்காருங்க லூர்தம்மா. நான் போயி சாய் வாங்கிட்டு வாரேன். குடிச்சுட்டு மெதுவாப் போங்க.

– சக்கரை தூக்கலாப் போடச் சொல்லுங்க பாய்.

– அக்கா, அண்ணன் வீட்டுக்கு வந்தா என்ன செய்வாரு? உங்க முகத்தப் பாத்துக்கிட்டு இருப்பாரா?

– எங்க பாக்காரு? வருவாரு, திம்பாரு, சொவரப் பாத்துப் படுத்துருவாரு. சத்தம்னு ஒண்ணு இருந்ததே மறந்து போன மாதிரி. ஏட்டி வடிவு.

– என்னக்கா?

– இன்னைக்குச் சாயங்காலம் அவர உங்க வீட்டுக்கு அனுப்புதேன். அந்த நாய் கழுத்துல அவரு கையையும் கொஞ்ச நேரம் வைக்கச் சொல்லு.