எண்ணெய் பட்ட வரி

ஸபியா: இருங்க அக்கா, இன்னும் மேல் பாதிதான் வந்தீக்கு. மழைக்கு நெட் இழுக்குது.

இராஜகுமாரி: வரட்டும் ஸபியா. வீட்டுக்காரர் தவறி முப்பத்தொண்ணாம் நாள் காரியமும் முடிஞ்சு, பத்து நாள் கழிச்சு இப்பத்தான் படியிறங்கி வந்திருக்கேன். இதுக்கா அவசரப்படப் போறேன்?

ஸபியா: இந்தக் கால் வலியோட ஏன் அக்கா கடை வரைக்கும்? உங்கட பக்கத்து வீட்டுக் கன்னையா அண்ணன்கிட்ட செல்லியனுப்பினா நானே வீட்டுக்கு வருவேனே.

இராஜகுமாரி: கம்ப்யூட்டரத் தலையில தூக்கிக்கிட்டா?

ஸபியா: அனே, அதுவும் சரிதான்! இந்தா... வந்திட்டு. பாருங்க, உங்கட வீட்டு இன்டர்நெட் பக்கம்.

இராஜகுமாரி: இது என்னது, நம்ம வீட்டுக்கு மேல, நீச்சல் குளத்தோட ஒரு பெரிய ஹோட்டல்?

ஸபியா: அது கம்பெனிக்காரன் ஒட்டுற விளம்பரம். பக்கத்த சும்மா தாரான்தானே? அதுக்கு நம்மட நெத்தியில மத்தவன்ட போர்ட்.

இராஜகுமாரி: ரெண்டு ரூம் வெச்சிருக்கவ தலையில நூறு ரூம்காரனத் தூக்கி உக்கார வெப்பானா! நல்லாருக்குது நியாயம்.

ஸபியா: நாதன் ஐயா அன்னைக்கே சிரிச்சாரு. "தோட்டத்து ஆபீஸ்ல இருவத்தெட்டு வருஷம் கிளாக்கரா இருந்தேன், ஓசியில ஒரு பென்சில் தந்ததில்ல. இவன் ஏன் தாரான்?"ன்டு.

இராஜகுமாரி: கேப்பாரு. கேட்டுட்டு வாங்கி வெச்சுக்குவாரு... வாசல்ல போர்டத் தொடச்சிட்டு நிக்கிறாரே, அதே படம்தானே இது?

ஸபியா: ஓ அக்கா, நல்ல வேளைக்கு என்ட கம்ப்யூட்டர்ல ஒண்டு... அதாவது, அதே படம்தான்.

இராஜகுமாரி: ம்ம். குருவி பாக்க வர்ற வெள்ளக்காரங்க ஜனவரிக்கு ரூம் கேட்டு இதுலதானே எழுதுவாங்க? மொதல்ல அதைச் சொல்லு. அவங்க வரலைன்னா வீட்டப் பூட்டிட்டு, எம்பிலிப்பிட்டியாவுல தம்பி வீட்டோட போய் ஒட்டிக்கணும் நான்.

ஸபியா: அதச் செல்லத்தானே வாய் துடிக்குது! நேத்து வந்தீக்கு. நாலு பேர், பதினொரு நாள். முந்தி வந்து தங்கின ஹெரல்ட் தொரைதான் எழுதீக்காரு.

இராஜகுமாரி: சாமி... நெசமாவா?

ஸபியா: ரெண்டு ரூமும் வேணுமாம். நாதன் சுகமான்டும்... கேட்டீக்காரு.

இராஜகுமாரி: எழுது. அவர் இல்ல, ரூம் இருக்கு, வாங்கன்னு எழுது. முருகா... இந்த வீட்டுலயே இருந்துருவேன் ஸபியா. நீ நல்லா இருக்கணும்.

ஸபியா: நான் என்ன செஞ்சேன்? எல்லாம் ஐயா எழுதி வெச்சதுதானே.

இராஜகுமாரி: அப்போ ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அவர் தவறின அன்னிக்கு நீ வந்து என்னமோ சொன்னியே...

ஸபியா: இப்ப ஏன் அது?

இராஜகுமாரி: சொல்லுடி.

ஸபியா: முப்பது நாளைக்குள்ள ஒருக்காவாவது பாஸ்வேர்ட் அடிச்சு உள்ளுக்குப் போகணும், இல்லாட்டி பக்கத்த அழிச்சிடுவான்டு செல்லினேன். ஓசிப் பக்கம்தானே. அடியில பொடி எழுத்தில போட்டீக்கான்.

இராஜகுமாரி: தோட்டத்துல வேலைக்கு வராதவன் பேர செக்ரோல் புத்தகத்துல வெட்டுற மாதிரி. சரி, அதுக்கு நான் என்ன சொன்னேன்?

ஸபியா: "வாசல் போர்டையே சொவத்துப் பக்கம் திருப்பியாச்சு. அவர் அலுமாரிக்கும் பூட்டுப் போட்டாச்சு. முப்பத்தொண்ணு முடியிற வரைக்கும் அந்தப் பக்கத்தையும் ஒருத்தரும் தொறக்கக் கூடாது"ன்டு. ஏசவும் ஏசினீங்க.

இராஜகுமாரி: அப்போ இது எப்படி இன்னும் நிக்குது?

ஸபியா: அது... கோவிக்க மாட்டீங்களே?

இராஜகுமாரி: விசயத்தச் சொல்லு.

ஸபியா: இருவத்தொம்பதாம் நாள் களவா நான் தொறந்திட்டேன். ஒரே ஒரு தரம். மன்னிச்சிடுங்க அக்கா.

இராஜகுமாரி: செத்த வீட்டுக் காரியத்துல பெரியவ சொன்னா கேக்க மாட்டே?

ஸபியா: பிழைதான்.

இராஜகுமாரி: ஓஹோ... காலையில சுடுதண்ணி குடுப்போம்னு ஒரு வரி எழுதியிருந்தாரே. அது எங்க?

ஸபியா: அதுவா? கம்பெனிக்காரன் வெட்டியிருப்பான்.

இராஜகுமாரி: மேல ஹோட்டல ஒட்டுறவன், நடுவுல நம்ம சுடுதண்ணியக் களவெடுப்பானா? அது கெடக்கட்டும். முப்பத்தொண்ணு அன்னிக்கு வடை அனுப்பினேனே, சாப்பிட்டியா? படைக்கிறதுக்கு முந்தியே ஒங்க வீட்டுக்குன்னு தனியா எடுத்து வெச்சது.

ஸபியா: தெரியும் அக்கா, கன்னையா அண்ணன் செல்லித்தான் தந்தாரு. எல்லாரும் சாப்பிட்டோம்.

இராஜகுமாரி: வடையச் சுத்தியிருந்த கடதாசி?

ஸபியா: எந்தக் கட... அக்கா, இனி என்னால ஏலாது. நான் தொறக்கல்ல. உங்கட சொல்லத் தட்ட மனசு வரல்ல. முப்பதாம் நாள் பக்கம் போயிட்டு.

இராஜகுமாரி: ம்ம்.

ஸபியா: திருப்பித் தாங்கன்டு எழுதினா பேங்க் கார்ட் நம்பர் கேக்குறான். அந்த மாதிரிக் கார்டுக்கு இந்த றக்வானயில நான் யாருகிட்ட போவேன்? உங்கட சொல்லாலதான் போச்சுன்டு நீங்க நெனச்சு உருகக் கூடாதுன்டு பொய் செல்லினேன்.

இராஜகுமாரி: அப்புறம்?

ஸபியா: அடுத்த நாள் வடையப் பிரிச்சா ஐயாட கையெழுத்து! பக்கத்துக்கு எழுதின அவ்வளவும் இங்கிலீசில ஈக்கு. அல்லாவே அனுப்பின மாதிரி! அதப் பாத்து, அதே பேர்ல, முதல்லருந்து அடிச்சு, என்ட கம்ப்யூட்டர்ல ஈந்த படத்தையும் போட்டேன். நீங்க பழைய கடதாசின்டு தெரியாமச் சுத்திட்டீங்க போல...

இராஜகுமாரி: தெரியாமயா?

ஸபியா: பின்ன?

இராஜகுமாரி: எம்பிலிப்பிட்டியாவுலருந்து தம்பி மகன் நிரஞ்சன் முப்பதாம் நாளே போன் போட்டு, "அத்தை, பக்கத்தக் காணோம்"னான். ஒன்ன ஏசின வாயால ஒன்கிட்டயே வந்து கேக்க வெக்கமா இருந்துச்சு. முப்பத்தொண்ணுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கையிலயே, நான் பூட்டின அலுமாரிய நானே தொறந்து, தேடி எடுத்து, நீ பாக்கணும்னே வடையில சுத்தின கடதாசிடி அது. சொன்ன சொல்ல மீறினது நீ இல்ல, நான்... அந்தச் சுடுதண்ணி வரி வடை எண்ணெயில ஊறிப் போயிருக்கும். நான் சொல்றேன், கம்ப்யூட்டர்ல அடி.