ரெண்டரை வருசத்து சவுக்கு

— எறங்கும்மா மொதல்ல! மோட்டார் கொட்டா மேல ஏறி நின்னுக்கினு பைனாகுலர்ல என்னாத்த பாக்குற?

— ஒரே நிமிசங்கய்யா... கிளியனூர் டவர் ஒரு பக்கம், தோப்புக்கு அந்தாண்ட இருக்கற வீட்டு மாடி ஒரு பக்கம், ரெண்டும் தெரியுதான்னு பாத்துக்கினு இருக்கேன்.

— தெரியுதா?

— டவர் தெரியுது. மாடி இருக்கற பக்கம் உங்க சவுக்குத் தோப்புதான் தெரியுது.

— என் நெலத்துல நின்னா என் தோப்புதான் தெரியும். யாரு நீ?

— அன்புச்செல்விங்க. திண்டிவனத்துல ஒயர்லெஸ் நெட்டு குடுக்கற கம்பெனி. நீங்க ராஜாமணி அய்யாதான?

— என் பேர எவன் சொன்னான்?

— ...கொட்டா செவுத்துல எழுதியிருக்கே.

— செவுத்துல “விளம்பரம் செய்யாதே”ன்னுதான எழுதியிருக்கு?

— அப்ப டீக்கடையில கேட்டிருப்பேன்... அத வுடுங்க. டவர்ல ஒரு ரேடியோ, அந்த மாடியில ஒரு ரேடியோ. ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கணும். ரெண்டு வருசத்துக்கு முன்ன வந்து பாத்தப்ப நடுவுல மொட்டவெளி. “தடை ஏதுமில்லை”ன்னு எழுதிட்டுப் போனவளே நான்தான்.

— அப்ப சவுக்கு இடுப்பு ஒசரம். வளரும்னு தெரியாதா? எந்த ஊரும்மா உனக்கு?

— முகையூர் பக்கம். எங்க ஊர்ல மல்லாட்டை, வேர்க்கடலச் செடி. அது எம்மாம் வளந்தாலும் சிக்னலுக்கு குறுக்க வராது.

— வாயி இருக்கு உனக்கு. பையில என்னா?

— மூணு தினுசு ரேடியோ. இது அறுவது கிகாஹெர்ட்ஸ். பறக்கும். ஆனா குறுக்க ஒரு எல வந்தாலும் நின்னுபோவும், மழை கொட்டுனாலும் நின்னுபோவும்.

— பொசுக்குன்னு கோச்சிக்கும். புது மாப்ள மாதிரி.

— இது அஞ்சு. வேகமும் இருக்கு, தூரமும் போவும். மரம் மட்டும் ஆவாது.

— அது?

— ரெண்டு புள்ளி நாலு. கொஞ்சம் மரத்துல பூந்து போவும். ஆனா ஊர்ல பாதி வீட்டு வைஃபை அதுலதான்... திருவிழா கூட்டத்துல ரகசியம் பேசற கதை. அதுவும் நாலு மரம்னா சரி, உங்களுது ரெண்டு ஏக்கரா!

— அதையே போடு. சினிமா பாக்கத்தான?

— இல்லீங்கய்யா. அந்த மாடி வீட்டு அக்கா, வீட்லர்ந்தே வேலை பாக்கணும். நாள் பூரா வீடியோவுல பேசற வேலை. திங்கக்கிழம லைன் வரலன்னா பெங்களூரு ஆபீசுக்கே வந்துடுன்னுட்டாங்க. லைன் வந்துடும்னு நான் வேற வாக்கு குடுத்துட்டேன். கைக்கொழந்தைய வச்சிக்கினு...

— பல்லு மொளச்சிடுச்சா?

— யாருக்கு?

— ...கொழந்தன்னியே. சும்மா கேட்டேன்.

— கீழ ரெண்டு வந்துக்கீது. எட்டு மாசம்.

— ம்... வீட்டுக்காரன் கூடப் போறது?

— அவரு இங்கயே வாத்தியாரு...

— போவமாட்டான். ஆத்தாள வுட்டுட்டு ஒரு ராத்திரி தங்கமாட்டான் அவன்.

— உங்களுக்கு எப்பிடி...

— ஊர்ல பேசிக்கறாங்க. கம்பத்த ஒசத்திக் கட்டேன்?

— சிக்னல் நூல் புடிச்ச மாதிரி போவாதுங்க. நடுவுல வயிறு தள்ளிக்கினு போவும், அதுக்கும் எடம் வுடணும். அம்மாம் ஒசரக் கம்பத்த அந்தப் பழைய மாடி தாங்காது. அய்யா... ரெண்டே ரெண்டு வரிசை, நுனிய மட்டும்...

— நுனி போன சவுக்க எவன் வாங்குவான்? நீளத்துக்குத்தான் வெல. இன்னும் ஒன்றர வருசம் நின்னாத்தான் கம்பத்துக்கு ஆவும். இப்ப வெட்டுனா வெறகு.

— சரிங்க. நான் போய் அந்தக்காகிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்.

— இரு. அந்த அறுவதையும் ரெண்டு புள்ளி நாலையும் உள்ள வையி.

— அப்ப?

— அஞ்சு. அத்த மாட்டு. காலையில மரம் வெட்ட ஆளு வருது.

— அய்யா! இந்த மரத்தயா? வெறகுக்கா?

— நேத்தே பேசியாச்சு. முந்தாநாளு தோப்போட அந்தக் கோடியில நின்னுக்கினு, நீ அந்த மாடியில ஒதட்டப் பிதுக்கினத பாத்தேன். அவ தலையில கைய வச்சிக்கினு ஒக்காந்ததையும் பாத்தேன்.

— அய்யா... ஒண்ணு சொல்லணும். அந்தக்கா பேரு...

— இளவரசி. நான் வச்ச பேர எனக்கே சொல்றியா?

— தெரிஞ்சிக்கினேதான் இம்மாம் நேரம் கேள்வி கேட்டீங்களா!

— நீ பேசுனாத்தான அவளப் பத்தி ரெண்டு வார்த்த காதுல வுழும்.

— “எங்கப்பா தோப்புன்னு காட்டிக்காத. எனக்குன்னா ஒரு குச்சி ஒடிக்க வுடமாட்டாரு”ன்னாங்க.

— அவ அவனக் கட்டிக்கினு போனதுலர்ந்து மூணு வருசமா அப்பிடித்தான இருந்தேன்... அவ சொல்றதுல என்னா தப்பு?

— இப்பவே வாங்கய்யா. வண்டியில ஏறுங்க, நீங்களே வந்து சொல்லுங்க.

— வேணாம்மா... அந்த தெகிரியம் இன்னும் வரல. கேட்டாள்னா, மரத்துல பூச்சி வுழுந்துடுச்சி, அதான் ஜல்தியா வெட்டிட்டாருன்னு சொல்லு.

— அவங்க நம்பமாட்டாங்களே.

— நம்பக்கூடாதுன்னுதாம்மா சொல்றேன்.