பச்சை மேலங்கியும் மாமாவின் கிட்னியும்

பாலில்லாத பிளேன்டீ சூடாக இருந்தால்தான் எனக்குத் தொண்டையில் இறங்கும். பள்ளிவாசல் நிர்வாகசபையார் கேட்டபடி, பவ்ஸான் ஆகிய நான் நடந்ததை எழுதித் தருகிறேன். பிளேன்டீயிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

என் மாமனார் அலியார் நெஞ்சுவலியோடு அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். எங்கள் ஊர் விடத்தல்தீவிலிருந்து சொந்தக்காரர் இருபது பேர் வந்து வாசலை அடைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். தாதி பிறின்சி பொறுமை இழந்துவிட்டார்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள்தான். உள்ள வாறதும் டொக்டரோட கதைக்கிறதும் அவர் மட்டும்தான்."

மச்சான்மார் ஒருவரை ஒருவர் உள்ளே போக விடவில்லை. கடைசியில் யாருக்கும் பொருட்டில்லாத என்னை அனுப்பினார்கள்.

அந்த வீட்டில் பதினொரு வருடமாக நான் வாய் திறந்தால் யாராவது டீவிச் சத்தத்தைக் கூட்டுவார்கள். அன்று, உள்ளே போகத் தாதி தந்த பச்சை மேலங்கியோடு வெளியே வந்தேன். இருபது பேரும் எழுந்து நின்றார்கள். மாமி மரியம் நான் உட்காரக் கதிரை இழுத்துப் போட்டார். பிளேன்டீ வந்தது, ஆவி பறக்க.

"இன்னும் இருபத்துநாலு மணித்தியாலம் பாக்கவேணும்" என்றேன். அது டொக்டர் சொன்னதுதான்.

மூன்றாம் நாள் மாமா எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றார். நல்ல செய்திதான். ஆனால் நல்ல செய்தியை ஒருமுறைதான் சொல்லமுடியும். ஆகவே வெளியே வந்து, "கிட்னி இன்னும் ஒரு முடிவுக்கு வரேல்ல" என்றேன். மாமி அழுதார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. மாமாவுக்கென்று வந்த ஆட்டுச்சூப்பை வீணாக்காமல் நானே குடித்தேன்.

"மரியம் ஏன் என்னைப் பாக்க வரேல்ல?" என்று மாமா கேட்டார். "மாமிக்கு உங்களில கோவம்" என்றேன். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர், உடனே நம்பிவிட்டார்.

ஐந்தாம் நாள் கட்டாரிலிருந்து மச்சான் ஸப்ராஸ் வந்து இறங்கினான். அவ்வளவு தூரம் வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. "சொந்தக்காரருக்குச் சொல்லி வையுங்கோ" என்றேன். மரணவேளையில் ஓதும் யாசீனை வாசலிலேயே ஓதத் தொடங்கினார்கள்.

அன்றுதான் மாமாவைச் சாதாரண வார்ட்டுக்கு மாற்றினார்கள். தள்ளுவண்டிக்குக் காத்திராமல், இடுப்பில் சாரத்தை இறுக்கிக்கொண்டு அவரே நடந்து வெளியே வந்தார். ஓதுவதைக் கண்டு மரியாதையாக ஓரத்தில் அமர்ந்து, "ஆர் மௌத்து?" என்று மெல்லக் கேட்டார். ஓதல் நின்றது.

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மருமகன், இவர் எப்பிடி இருக்கிறார்?"

பொய் சொன்னது நான்தான். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றே வாயைத் திறந்தேன். இருபது பேரும் எழுந்து நின்றார்கள். மாமாவும் எழுந்து நின்றார்.

"இன்னும் இருபத்துநாலு மணித்தியாலம் பாக்கவேணும்" என்றேன்.