ஒலிபெருக்கியில் காரணம் சொன்னவருக்கு

காத்திருந்தோர் கவலையைக் கரைத்த கனிந்த குரலே! நான்கு நடைமேடைகளையும் நாவொன்றால் நடத்திய நாயகியே! எங்கள் அறிவிப்பாளர் அக்காவே! இன்று பணி ஓய்வு பெறும் உங்களை வணங்கி வழியனுப்புகிறோம்.

முப்பத்தோர் ஆண்டுகள்! மின்விசிறியை நிறுத்தி, தொண்டையைச் செருமி, ஒலிவாங்கியின் கிழிந்த பஞ்சுறைமேல் உங்கள் கைக்குட்டையைப் போர்த்தி, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று நீங்கள் தொடங்கும்போது, அழுகிற குழந்தைகூட ஒரு நொடி அண்ணாந்து பார்க்கும். அந்தக் கண்ணாடி அறையில் இரண்டே நாற்காலி. ஒன்றுக்குக் கால் ஆடும். ஆடுகிற நாற்காலியில் என்றும் நீங்களே அமர்ந்தீர்கள். கேட்டால், "தூக்கம் வராம இருக்கு, விடு" என்பீர்கள்.

வண்டி தாமதமானால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு தாள் வரும். அதில் 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்' என்ற தொடர் தவறாமல் இருக்கும். 'இன்னதன் காரணமாக' என்பது அதன் பொருள். அந்த 'இன்னது' இருக்க வேண்டிய இடத்தில் எந்நாளும் 'நிர்வாகக் காரணங்கள்' வந்து குந்திக்கொள்ளும். உடனே நீங்கள் தொலைபேசியை எடுப்பீர்கள்.

"சார், 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்'னு போட்டா, அதுக்கப்புறம் ஒரு காரணம் இருக்கணும். பாறை விழுந்துச்சா? இஞ்சின் படுத்துடுச்சா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, நான் படிக்கணும்."

மறுமுனை எரிந்து விழும். சொல்லும்வரை நீங்கள் வைக்கமாட்டீர்கள். உங்களுக்குக் 'காரணக்கா' என்று பட்டப்பெயர் வைத்தது நாங்கள்தான். முதுகுக்குப் பின்னால் சொன்னதை இன்று முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்கிறோம்.

எங்களில் இளையவள், தன் வீட்டின் முதல் பட்டதாரி, இம்மடலை எழுதியவள், வேலைக்கு வந்த புதிதில் வெடுக்கென்று கேட்டாள்: "இருக்கறதப் படிச்சுட்டுப் போங்கக்கா. காரணம் தெரிஞ்சா வண்டி சீக்கிரம் வந்துடுமா?"

"வண்டி வராதுடி. ஜனங்க முடிவு எடுப்பாங்க. இஞ்சின் மாத்தறாங்கன்னா டீ குடிப்பாங்க. பாலத்துல தண்ணின்னா வீட்டுக்குப் போவாங்க. ஒண்ணுமே சொல்லலேன்னா என் வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நான் என்ன அவ்வளவு அழகியா?"

அன்று நீங்கள் சிரித்த சிரிப்பு ஒலிவாங்கி வழியே நான்கு நடைமேடைக்கும் போனது! அதை அணைக்க மறந்திருந்தோம்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமைக் காலை நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். தேர்வெழுதப் போகும் பிள்ளைகள் இருநூறு பேர் நடைமேடையில் நின்றார்கள். வண்டி வரவில்லை. நீங்கள் கேட்க, தொலைபேசி எங்கள் எல்லார் காதிலும் விழும்படி இரைந்தது: "பெரிய ஐயா இன்னும் வீட்டை விட்டே கிளம்பல. அவரு ஏறினாத்தான் வண்டிய எடுப்போம். நீ நிர்வாகக் காரணம்னே படிம்மா."

நீங்கள் மின்விசிறியை நிறுத்தினீர்கள். "உயர் அதிகாரி ஒருவர் இன்னும் வந்து சேராததன் காரணமாக" என்று தமிழிலும், 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்' என்று தொடங்கி ஆங்கிலத்திலும் நிறுத்தி நிதானமாகப் படித்தீர்கள். பிள்ளைகள் பேருந்து நிலையத்துக்கு ஓடினார்கள். தேர்வுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

உங்களுக்கு வந்தது குற்றச்சாட்டு: 'இல்லாத காரணத்தைக் கற்பித்து அறிவித்தார்.' அறையில் இருந்த நால்வரையும் விசாரணை அதிகாரி எழுத்தில் கேட்டார். நால்வரும் ஒரே வரியை எழுதிக் கொடுத்தோம்: 'பணிச்சுமையின் காரணமாகக் கவனிக்கவில்லை.' முப்பத்தோராண்டுப் பணிப்பதிவேட்டில் பொய்க்காரி என்று எழுத அந்த ஒரு வரி போதும். அதை நீங்களும் படித்தீர்கள். மறுநாள் எதுவும் கேட்காமல், வழக்கம்போல் உங்கள் பிளாஸ்கைத் திறந்து எங்களுக்கு டீ ஊற்றினீர்கள். எப்படி அக்கா விழுங்கினோம் அதை?

அன்று எங்களுக்குப் பணிச்சுமை எதுவும் இல்லை. பயம். இடமாற்றம் வருமோ, வேலை போகுமோ என்ற வெறும் பயம்.

ஆகவே இன்று காலை விசாரணை அதிகாரியின் மேசையில், பழைய வாக்குமூலத்தை மறுத்து, நால்வரும் தனித்தனியே நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டோம். முத்திரை குத்திய நகல் இம்மடலோடு உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த வாரம் என்ன முடிவு வரும் என்று தெரியாது. பிந்திச் செய்தோம், அந்த வெட்கம் எங்களோடு இருக்கட்டும்.

நிமிர்ந்த தலையும் நிறைந்த மனமும் நோயறியா உடலுமாய் நெடுங்காலம் வாழ்க நீங்கள்! மணி பார்த்து எழாத காலைகள் ஆயிரமாயிரம் உங்களுக்கு வாய்க்கட்டும்! எங்களைத் திட்டத் தோன்றினால், நேரே வந்து ஆசை தீரத் திட்டுங்கள்.

இப்படிக்கு,
அன்று அந்த அறையில் நின்று, தொலைபேசி சொன்னதைக் காதாரக் கேட்ட
டிக்கெட் எழுத்தர்
பார்சல் எழுத்தர்
நடைமேடை பெருக்கும் அம்மா
இளநிலை அறிவிப்பாளர்