படத்துல யாரும் இருக்கக் கூடாது

உங்க பேச்சுல அந்த ரெண்டாவது பாராவை மட்டும் விட்டுட்டா நல்லா இருக்கும்மா. மத்தபடி ஒண்ணும் சொல்றதுக்கில்ல, அருமையா எழுதியிருக்கீங்க. சின்ன வயசுல உங்கப்பா உங்கள டிராம்ல கூட்டிட்டுப் போனது, பாதி வழியில இறங்கி மேல ஓடுற கம்பியப் பாத்துக்கிட்டே உங்கள மறந்துட்டது, அதெல்லாம் தாராளமாப் படிங்க. எங்க ஆளுங்க சிரிப்பாங்க, ஏன்னா ஒவ்வொருத்தனும் ஒரு புள்ளைய அப்படி மறந்தவன்தான். ரெண்டாவது பாரா மட்டும்... இல்லீங்க, தப்பா ஒண்ணுமில்ல. நேரம்தான். ரெண்டு மணிக்கு உங்கப்பா பேர் போட்ட பலகையத் திறக்கணும், ரெண்டே காலுக்கு இருபத்தெட்டாம் நம்பர் டிராம் கிளம்பியாகணும். அதுக்கப்புறம் வெயில் மரத்துக்குப் பின்னாடி போயிடும்.

உக்காருங்க ஜனீன். அந்த நாற்காலி வேணாம், அது கால் ஆடும். இந்த டிக்கெட் ரூம்ல உருப்படியா இருக்கறது இது ஒண்ணுதான். டீ குடிச்சீங்களா? சாப்பாட்டைப் பாத்துக்குற பெரில் கிட்ட சொல்றேன். காலையிலயே ஹோபார்ட்டுல இருந்து ஃபிளைட்டு, அப்புறம் ரெண்டு மணி நேரம் கார், வயித்துக்கு ஒண்ணும் போட்டிருக்க மாட்டீங்க. கறி அடைச்ச சூடான பை இருக்கு, லாமிங்டன் கேக் இருக்கு. லாமிங்டன் ஒரு ஆளுக்கு ஒண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கோம், பெர்த்துல இருந்து வந்த கோஷ்டி மூணு மூணா எடுத்துட்டுப் போகுது.

ஒரு நிமிஷம். சொல்லு கோர்டன். இல்ல, இப்ப வெளிய எடுக்காத. ஒண்ணே முக்காலுக்கு எடு. எவன் என்ன சொன்னாலும் சரி, ஒண்ணே முக்கால். சரி, வை.

கோர்டன்தான் இன்னிக்கு வண்டி ஓட்டுறவரு. நல்ல மனுஷன், ஆனா யாராவது கேமராவோட பக்கத்துல போய்க் கெஞ்சினா மனசு இளகிடும். டிராம் பைத்தியங்களோட மாநாடுன்னா சும்மாவா, முந்நூத்திப் பன்னெண்டு பேரும்மா. நாலு நாளு. அஞ்சு பஸ்ஸு. எங்க வாட்டில் கிரீக் மாதிரி ஊருல முந்நூத்திப் பன்னெண்டு பேரத் தங்க வைக்கணும்னா கேரவன் பார்க்குல இருக்குற கேரவன் எல்லாத்தையும் பிடிச்சாகணும். ரெண்டு வருஷமா நான் வேற வேலையே பாக்கல. என் சம்சாரம் டிராமையே கட்டிக்க வேண்டியதுதானேன்னு கேட்டுட்டா. நேத்து ராத்திரி சாப்பாட்டுல அடிலெய்டுக்காரர் ஒருத்தரும் கிறைஸ்ட்சர்ச்சுக்காரர் ஒருத்தரும் சண்டை. எதுக்குன்னு நெனைக்கிறீங்க? இருபத்தெட்டாம் நம்பருக்கு அடிச்சிருக்குற பெயிண்ட் கிரீம் கலரா, தந்தக் கலரான்னு. ரெண்டும் எழுபது வயசு தாண்டுன ஆளுங்க. இன்னிக்குக் காலையில ஒரே பஸ்ஸுல வர மாட்டேன்னுட்டாங்க. அந்தப் பஞ்சாயத்தும் என் தலையிலதான்.

என்னது? ம். புரியுது.

அந்தப் பாராவுக்காகத்தான் வந்திருக்கீங்க. சரி. இல்ல, நான் மறுத்துப் பேசலம்மா. மேடை உங்களுது. மைக்குதான் கொஞ்சம் சரியில்ல, காத்தடிச்சா விட்டுவிட்டுக் கேக்குது. சுருக்கமா முடிச்சா ஜனங்களுக்குப் புரியும், அதுக்காகச் சொன்னேன்.

இன்னொரு வாட்டி படிக்கிறீங்களா? வேணாம், எனக்கு ஞாபகம் இருக்கு. அப்பா கடைசி நிமிஷத்துல கூட அந்தத் தகர ஷெட்டுல இருக்குற பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் பாக்கப் போனாரு, முப்பது வருஷம் கரண்டு ஆபீஸ்ல வேலை பாத்த மனுஷன், தனக்குப் பிடிச்சதைப் பாத்துக்கிட்டே போய்ச் சேந்தாரு, அந்த நெனப்புதான் எங்க குடும்பத்தைத் தூங்க விடுது. இதானே. நல்ல வரிதான். நல்ல வரி.

ஆமா, நாந்தான் ஃபோன்ல அப்படிச் சொன்னேன். போலீஸ்கிட்டயும் அதான் சொன்னேன். தனியா அந்தப் பக்கம் போனாரு, டிரான்ஸ்ஃபார்மர்னா அவருக்கு உசுரு, அதப் பாக்கத்தான் போயிருப்பாருன்னேன்.

இருங்க, கதவச் சாத்திக்கிறேன். வெளிய வரிசை நிக்குது, கக்கூஸுக்கு. எல்லாரும் ஆம்பளைங்க. பெரில் சொல்றா, அவ வாழ்க்கையில பொம்பளைங்க பக்கம் வரிசையே இல்லாம பாத்தது எங்க மாநாட்டுல மட்டும்தானாம்.

காலையில நீங்க அந்த ஷெட்டுப் பக்கம் போனீங்களா? எப்போ? யாரு கூட்டிட்டுப் போனா? தனியாவா. ஓ. பலகை வைக்கிற இடத்தைப் பாக்கலாம்னு போயிருப்பீங்க. சரி, சரி.

ஆமா, பூட்டுதான். பழைய பூட்டு. ஜன்னலும் கிடையாது. சாவி ஆபீஸ்ல இருக்கு, போன வருஷமும் ஆபீஸ்லதான் இருந்துச்சு. நீங்க கேக்குறது நியாயமான கேள்விதான்ம்மா. உள்ள இருக்கறதை ஒருத்தர் எப்படி வெளிய இருந்து பாப்பாரு. நியாயம்தான்.

ஒரு நிமிஷம். பெரில், பை பரிமாறுறதை நீயே பாத்துக்கம்மா, சைவம் ஒன்பது பேரு, பச்சை அட்டை மாட்டியிருப்பாங்க, அவங்களுக்கு முதல்ல குடு. நான் இங்க பேசிட்டிருக்கேன். இல்ல, இப்ப வர முடியாது.

உங்களுக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது, அதனால கொஞ்சம் சொல்லணும். நாங்க படம் எடுக்கறதுக்குன்னு ஒரு முறை வெச்சிருக்கோம். இன்னிக்கு நீங்களே பாப்பீங்க. வளைவுல வண்டி நிக்கும், எல்லாரும் இறங்கிடுவோம். ஒரு கயிறு கட்டியிருக்கும், அதுக்குப் பின்னாடி வரிசையா நிப்போம். குள்ளமானவங்க முன்னாடி, உயரமானவங்க பின்னாடி, ஏணி கொண்டு வந்தவன் கடைசி. வண்டி காலியா எரநூறு கெஜம் பின்னாடி போகும். கூரை மேல கரண்டு எடுக்குற கம்பத் திருப்பணும், மேல ஓடுற கம்பியில அது திரும்ப உக்காரணும், அதுக்கே அஞ்சு நிமிஷம். அப்புறம் மணியடிச்சுக்கிட்டு, ஒத்த ஆளு இல்லாம, அந்தக் காலத்துல ஓடுன மாதிரியே அது எங்களத் தாண்டிப் போகும். நாங்க படம் எடுப்போம். அந்த ஒரு நொடிக்காக மனுஷன் நியூசிலாந்துல இருந்து வர்றான்.

அந்த நொடியில கயித்துக்கு முன்னாடி யாரும் நிக்கக் கூடாது. அதுதான் சட்டம். எழுதி வெக்கல, ஆனா அதான் சட்டம். நின்னா கத்துவாங்க. பாதிரியாரா இருந்தாலும் கத்துவாங்க. என் தலைய மறந்து நீட்டி நானே வாங்கிக் கட்டியிருக்கேன். பொல்லாத வார்த்தையெல்லாம் வரும். சாயங்காலம் அதே ஆளுங்க உக்காந்து பீர் குடிப்போம், யாரும் மனசுல வெச்சுக்க மாட்டாங்க.

போன ஏப்ரல்ல இருபத்தெட்ட முதல் தடவையா வெளிய எடுத்தோம். நாப்பத்தோரு வருஷம் கோழிப் பண்ணையில கிடந்த வண்டி அது. உங்கப்பாதான் அதுக்கு ஒயரிங் பூரா செஞ்சாரு, பதினாலு மாசம், ஒவ்வொரு சனிக்கிழமையும். அன்னிக்கு அறுபத்திரெண்டு பேரு. மேகம். மேகம்னா அப்படி மேகம். ரெண்டு தடவை வண்டிய ஓட்டிப் பாத்தாச்சு, ரெண்டு தடவையும் வெளிச்சம் இல்ல. முக்கால் மணி நேரமா நிக்கிறோம். எல்லாரும் வயசானவங்க, கால் வலி, மூத்திர அவஸ்தை, எல்லாம் எம்மேல கடுப்புல இருக்காங்க. மூணாவது தடவை கோர்டன் வண்டிய பின்னாடி கொண்டு போய் நிறுத்துறாரு, பட்டுன்னு வெயில் வருது. சாஞ்ச வெயில், தங்கமாட்டம். எல்லாரும் கேமராவத் தூக்கிட்டாங்க. வண்டி கிளம்பிடுச்சு.

உங்கப்பா கயித்துக்கு முன்னாடி இருந்தாரு. ஓரமா அடுக்கி வெச்சிருந்த தண்டவாளக் கட்டை மேல உக்காந்திருந்தாரு. அந்த இடத்துல உக்காரணும்னா அது ஒண்ணுதான் இருக்கு.

இல்லம்மா. அவரு ஷெட்டைப் பாக்கப் போகல.

கத்துனாங்க. அறுபது பேரும் கத்துனாங்க. நெவில், எந்திரி, படத்துல இருக்க, நகருன்னு. அவரு எந்திரிச்சாரு. எந்திரிச்சு சும்மா ஓரமா நின்னிருக்கலாம், ஆனா அவருக்கு இந்த வேலை தெரியும் பாருங்க. சாஞ்ச வெயிலு, ஓரமா நின்னா நிழல் நீளமா தண்டவாளத்து மேல விழும். நிழல் விழுந்தாலும் படம் கெட்டுடும். அதனால நடந்து போயி ஷெட்டுக்குப் பின்னாடி, நிழல் கூடத் தெரியாத மாதிரி நின்னுக்கிட்டாரு. அதான் அவரு அங்க போன காரணம். வேற ஒண்ணும் இல்ல.

வண்டி வந்துச்சு. எல்லாருக்கும் படம் கிடைச்சுது. உங்க கழுத்துல தொங்குற அட்டையில இருக்கே, அந்தப் படம்தான். எத்தனையோ பேரு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. வண்டியும் வெயிலும்தான் இருக்கும், சுத்திவர ஒரு ஈ காக்கா இருக்காது.

அழுங்கம்மா. நான் ஒண்ணும் சொல்லல. தண்ணி இந்தாங்க.

திரும்பி ஏறும்போது தலை எண்ணுவோம். அறுபத்தொண்ணுதான் இருந்துச்சு. எண்ணுனது நான். எங்க ஆளுங்க எப்பவும் ஒருத்தன் ரெண்டு பேரு, நடந்தே டிப்போவுக்குப் போறேன்னு போயிடுவாங்க, வழியில இன்னொரு படம் எடுக்கலாம்னு. அப்படித்தான் எவனோ போயிருக்கான், எடு வண்டியன்னு கோர்டன்கிட்ட சொன்னேன். ஒரு கறிப் பை சாப்பிடாம மிச்சமா ஆறிக்கிட்டு இருக்கு, யாரோடதுன்னு பெரில் கேட்டா பாருங்க, அப்பதான் நெவிலக் காணோம்னு தெரிஞ்சுது. திரும்பிப் போயிப் பாத்தா ஷெட்டுக்குப் பின்னாடி விழுந்து கிடந்தாரு, அம்பது நிமிஷம் ஆயிருந்துச்சு. முதல்லயே பாத்திருந்தா பொழைச்சிருப்பாரான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். சொல்ல முடியாதுன்னாரு. பொழைக்க மாட்டாருன்னு அவரு சொல்லல.

அன்னிக்கு ராத்திரி நாங்க ஒண்ணும் கூடிப் பேசி முடிவு பண்ணலம்மா. அப்படி நெனைச்சுக்காதீங்க. யாரும் எதுவும் பேசல, அவ்வளவுதான். நான் உங்களுக்கு ஃபோன் போட்டேன், அப்பா கடைசியா என்ன பண்ணிட்டிருந்தாருன்னு கேட்டீங்க, வாயில டிரான்ஸ்ஃபார்மர்னு வந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் அழுதுக்கிட்டே சிரிச்சீங்க. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது. பலகை வைக்கலாம்னு கமிட்டியில சொன்னது நாந்தான். உங்களக் கூப்பிடலாம்னு சொன்னதும் நாந்தான். நீங்க இந்த வரிய எழுதிட்டு வருவீங்கன்னு நெனைக்கல. ரெண்டு மணிக்கு நீங்க மேடையில நின்னு அதப் படிக்கும்போது, கீழ அன்னிக்குக் கத்துன அறுபது பேரும் தொப்பிய கையில வெச்சுக்கிட்டு நிப்பாங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும். உங்க ஒருத்தருக்குத்தான் தெரியாது. அது எனக்குத் தாங்கல. உங்கள அப்படி நிக்க வைக்க முடியாது.

ஒண்ணே முக்கால் ஆயிடுச்சு. கோர்டன் வண்டிய எடுத்துட்டாரு, சத்தம் கேக்குது. நீங்க படிச்சாலும் சரி, படிக்காமப் போனாலும் சரி, நடந்ததை அப்படியே மைக்குல சொன்னாலும் சரி. நான் மேடை ஓரமாத்தான் நிப்பேன், எங்கயும் ஓட மாட்டேன்.

யாரு முதல்ல கத்துனதா? எல்லாரும்தான்னு சொன்னேனேம்மா.

அவரு காதுல விழுந்தது யாரு குரலுன்னு கேக்குறீங்களா. மெகாஃபோன் ஒண்ணுதானே இருந்துச்சு. அது எங்கிட்ட இருந்துச்சு. நாந்தான் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். அவரு திரும்பிப் பாத்து, ஒரு கையத் தூக்கி, மன்னிச்சுக்க கிளைவ், கவனிக்கலப்பான்னாரு. இன்னொரு கை நெஞ்சுல இருந்துச்சு. இப்படி, சட்டைய அள்ளிப் பிடிச்ச மாதிரி. முகமெல்லாம் வெளுத்து வேர்த்திருந்துச்சு. நான் அதப் பாத்தேம்மா. பாத்துட்டுத்தான், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ நெவில், நிழல் விழுதுன்னு சொன்னேன்.