மஞ்சள் அட்டைக்காரிகள்

இந்த நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது. பிரசவ அறையில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை பார்த்த கால்கள். உட்காரச் சொன்னதற்கு நன்றி.

எங்கள் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதோறும் கர்ப்பிணிகளுக்கு ஒரு வகுப்பு நடந்தது. நடத்தியவள் பிசியோ, உடற்பயிற்சி சொல்லித்தருகிறவள், கல்யாணம்கூட ஆகாத பெண். பாயில் உட்காரவைத்து மூச்சு விடச் சொல்லித்தருவாள். மூச்சு விடவும் ஒரு வகுப்பா என்று நான் சிரித்தேன். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. "இருக்கட்டுமே சிஸ்டர், தெரிஞ்சுக்கிட்டு வந்தா பயம் குறையுது" என்றார். சின்ன டாக்டர் எந்தப் பக்கமும் சாயாதவர். அவருக்குக் காப்பி சூடாக இருந்தால் போதும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆனால் வகுப்புக்குப் போனவளுகள் ஃபைலில் அங்கே கொடுத்த ஒரு மஞ்சள் அட்டையோடு வருவாளுகள். இது என்ன ஊசி, இப்போது எதற்கு என்று, வியர்வை நாறப் படுத்துக்கொண்டு என்னையே விசாரிப்பாளுகள். ரத்தத்துக்கும் மலத்துக்கும் குமட்டாத எனக்கு அந்தக் கேள்விகளைக் கேட்டால் குமட்டும்.

ஆகவே ஒரு சின்ன ஒழுங்கு வைத்துக்கொண்டேன். மஞ்சள் அட்டைக்காரி வந்து படுத்ததும், அழைப்பு மணியின் கயிற்றைச் சுருட்டிக் கைக்கு எட்டாத கம்பியில் மாட்டிவிடுவேன். வலி மருந்தையும் கொஞ்சம் தாமதமாகக் கொடுப்பேன். படித்த படிப்பு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்று அவளே பார்க்கட்டும். இரண்டு வருடத்தில் முப்பது, நாற்பது பேர் இருக்கலாம். எல்லாரும் பிள்ளையோடுதான் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வந்தவள் ஒரு தையல்காரி. தலைப்பிரசவம். "சிஸ்டர், குழந்தை அசையறது குறைஞ்ச மாதிரி இருக்கு. அப்படின்னா உடனே சொல்லணும்னு வகுப்புல சொன்னாங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

"மூச்சு விடவும் சொல்லிக்கொடுத்தாங்கல்ல? அதை ஒழுங்கா விடு, போதும்" என்றேன். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்து அறையில் துணி மடிக்கப் போனேன்.

அவள் கூப்பிட்டது கேட்டது. முதலில் சிஸ்டர் என்றாள், பிறகு அக்கா என்றாள், கடைசியில் அம்மா என்றாள். அவளைப் பெற்றவள் வெளியே வராந்தாவில் பெஞ்சில் இருந்தாள். அவள் காதுக்கு எட்டவில்லை. நாற்பது நிமிடம் கழித்துப் போய் வயிற்றில் கருவியை வைத்தேன். குழந்தைக்குத் துடிப்பு இல்லை.

கயிற்றை இறக்கி அவள் கையருகே போட்டேன். அதன் பிறகு டாக்டரைக் கூப்பிட்டேன். குறிப்பில் இப்படி எழுதினேன்: 'அசைவு குறைந்ததைத் தாய் தெரிவிக்கவில்லை. மூச்சுப் பயிற்சியிலேயே இருந்துவிட்டார், மணி அடிக்கவில்லை.' அதைப் படித்துத்தான் வகுப்பை மூடினார்கள், பிசியோவையும் அனுப்பினார்கள். "நான் சொன்னேனே, சொன்னேனே" என்று தையல்காரி பெரிய டாக்டரிடம் அழுதாள். வலியில் என்ன நினைவு இருக்கும் பாவம் என்று நான்தான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

கம்பியில் கயிறு தொங்கியதைத் தரை துடைக்கிறவள் பார்த்திருக்கிறாள் என்கிறீர்கள். பார்த்திருப்பாள். நான்தான் மாட்டினேன், கேட்டும் நான்தான் போகவில்லை. வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தையல்காரியிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள். அடுத்த பிரசவத்துக்கு எந்த வகுப்புக்கும் போகாமல் வரச் சொல்லுங்கள். நானே பக்கத்தில் இருந்து பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொள்கிறேன்.