அண்ணனுக்குப் போகாத போன்

குடும்பப் போட்டோவுக்கு ஆட்களை நிறுத்தி வைத்திருக்கிறீர்களா சார்? அமைச்சரவை அமைப்பதும் கிட்டத்தட்ட அதுதான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவரை முன்னால் உட்கார்த்த வேண்டும். கூட்டணிக்காரரை ஓரத்தில் தள்ளிவிட்டதாகத் தெரியக் கூடாது. பெண் ஒருவராவது கண்ணில் பட வேண்டும்.

தலைவரின் உதவியாளனாக நான் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவன். எங்கள் கட்சியில் வழக்கம் என்னவென்றால், அமைச்சராகப் போகிறவருக்கு என்னிடமிருந்து போன் போகும். மற்றவர்கள் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த முறை ஜெயித்ததும், எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு இடம் என்று முடிவானது. தலைவர் யோசிக்கவே இல்லை. "உங்கண்ணனுக்குப் போன் போடுய்யா" என்றார்.

அண்ணன் எம்.எல்.ஏ. நல்ல மனிதர். ஊரே அவர் பெயரைச் சொல்லும். என்னை அவருடைய தம்பி என்று சொல்லும். நான் மாடி வராந்தாவுக்குப் போய், கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். "உடம்பு முடியலையாம் தலைவரே. வேண்டாம்ங்கறார்."

"அப்ப நீயே உக்காரு. எம்.எல்.ஏ.வா இல்லாட்டி என்ன, ஆறு மாசத்துக்குள்ள எங்கயாவது ஜெயிச்சா போதும். உங்கண்ணனை ராஜினாமா பண்ணச் சொல்லி அங்கயே நில்லு."

நானாகக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நான் பதவியேற்றதை அண்ணன் டிவியில் பார்த்தாராம். அன்று காலையிலேயே குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார் என்று அண்ணி பிறகு சொன்னார்.

"எனக்குப் போனே வரலையேடா" என்றார் அண்ணன்.

"தலைவர் கடைசி நேரத்துல மாத்திட்டார்ணே."

நம்பிவிட்டார். அப்படி அவர் நம்பியதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராஜினாமாவுக்கு மட்டும் அசையவே இல்லை. "ஓட்டுப் போட்டவங்க மூஞ்சில நான் எப்படிடா முழிக்கிறது?" என்றார். நான்கு தடவை போய்க் கேட்டுவிட்டேன். நாள் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது தடவை போனபோது அண்ணி கடைக்குப் போயிருந்தார். பேசிக்கொண்டே இருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஏற்கெனவே இதய நோய் உண்டு. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை டிவி பக்கத்தில் இருந்தது. "எடுடா" என்றார். எடுத்தேன். எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசிவரை விடவில்லை. தனியாகப் போகவில்லை அவர்.

தொகுதி காலியானது.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன் சார். பதவியில் இருப்பவர் இறந்தால் அவர் மனைவியை நிறுத்துங்கள், மக்கள் கண்ணீரை ஓட்டாகப் போடுவார்கள் என்று தலைவருக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். எத்தனையோ வீடுகளில் நானே பக்கத்தில் நின்று அதை அறிவிக்க வைத்திருக்கிறேன். இது என் வீடு என்பதால் எனக்கு உறைக்கவில்லை. தலைவர் வந்தார், மாலை வைத்தார், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அங்கேயே அண்ணியின் பக்கம் திரும்பி, "இனிமே இந்தத் தொகுதிக்கு நீங்கதாம்மா" என்றார். பிறகு என் தோளைத் தட்டி, "நீ சொல்லிக் குடுத்ததுதான்யா" என்றார். தலையாட்டினேன்.

அண்ணிக்காகத் தெருத்தெருவாகப் போய் ஓட்டுக் கேட்டேன். மேடையில் அழுதேன். உண்மையாகவே அழுதேன். அவர் ஜெயித்தார். என் ஆறு மாதக் கெடு முடிந்து நான் இறங்கினேன். அதே துறை, அதே அறை, அதே கார் அவருக்குப் போனது.

நேற்றுப் பாராட்டு விழா. அண்ணி தலைவருக்கு நன்றி சொன்னார், தொண்டர்களுக்குச் சொன்னார், அண்ணன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை சார், நானாகத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டவன் நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மாவை அமைச்சராக்கியது யார் என்று ஒரு இடத்திலாவது சரியாகப் பதிவாக வேண்டும் இல்லையா?